செகண்ட் ஹேண்ட் புராசஸர்: மூடியில் உள்ள பெயர் உண்மைதானா என்று கண்டறியும் முழுமையான வழிகாட்டி

பழைய புராசஸர் வாங்கி ஏமாந்தவர்களில் பலர் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கியிருக்கிறார்கள். கடையில் கம்ப்யூட்டரை ஓட விட்டுக் காட்டினார்கள், திரையில் 'கோர் ஐ7' என்று வந்தது, பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். மூடியில் இருக்கும் எழுத்தைவிடத் திரையில் வரும் பெயரை மாற்றுவது எளிது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு புராசஸரின் அடையாளம் மூன்று இடங்களில் இருக்கிறது: உலோக மூடியின் எழுத்தில், அதைத் தாங்கும் பச்சைப் பலகையின் அமைப்பில், சிலிக்கனுக்குள் பதிந்த தகவலில். மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால்தான் பணத்தை எடுக்க வேண்டும். செலவும் சிரமமும் குறைந்த சோதனை முதலில், மின்சாரம் கொடுத்துச் செய்யும் சோதனை கடைசியில் என்ற வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். உதாரணமாக இன்டெல் கோர் ஐ7-4770 என்ற 4ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸரை எடுத்துக்கொள்கிறேன். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களிலிருந்து சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளுக்கு வருகிற ரகம் அது.

1. வீட்டிலிருந்து கிளம்பும் முன்

எடுத்துச் செல்ல வேண்டியவை குறைவுதான். உபுண்டு போன்ற ஒரு லினக்ஸை நேரடியாக இயக்கும்படி ஏற்றிய பென் டிரைவ், டார்ச் உள்ள கைப்பேசி, ஒரு சிறிய பூதக்கண்ணாடி, சர்ஜிக்கல் ஸ்பிரிட் அல்லது ஐசோபுரோபைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி, கொஞ்சம் தெர்மல் பேஸ்ட். பொருத்தமான மதர்போர்டு உங்களிடமே இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். இந்தப் பட்டியலில் எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது அதுதான். ஏன் என்பது 6ஆம் படியில் தெரியும்.

ஒரு தாளில் நீங்கள் வாங்கப்போகும் மாடலின் விவரங்களை இன்டெலின் தளத்திலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். ஐ7-4770 என்றால்: 4 கோர் (கணக்கிடும் அலகு), 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைவரிசை), 8 எம்பி கேஷ் (புராசஸருக்குள் இருக்கும் நினைவகம்), அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், டர்போ எனப்படும் உச்ச வேகம் 3.9, வெளியான ஆண்டு 2013, எஸ்-ஸ்பெக் குறியீடு (இன்டெல் மூடியில் பொறிக்கும் ஐந்தெழுத்து அடையாளம்) எஸ்ஆர்149. கடையில் நின்றுகொண்டு தேடலாம் என்று நினைக்காதீர்கள். பேச்சுக்கும் அவசரத்துக்கும் நடுவில் தவறான பக்கத்தைப் பார்த்துவிடுவோம். விற்பவர் தன் கைப்பேசியில் காட்டும் பக்கத்தையும் ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை எழுதுங்கள். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஐ5-4570 என்பது நான்கு கோரும் 6 எம்பி கேஷும் கொண்டது. அதே எண்ணின் பின்னால் 'டி' சேர்ந்தால் அது இரண்டே கோரும் 4 எம்பி கேஷும் கொண்ட, 35 வாட் புராசஸர். '4570 இருக்கிறது' என்று விற்பவர் சொல்வது பொய்யே இல்லை; கடைசி எழுத்தை அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான். கே, எஸ், டி, எஃப் என்ற நான்கு எழுத்துகளின் பொருளைத் தெரிந்துகொண்டு போங்கள்: கே என்றால் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண் பூட்டப்படாதது, எஸ்ஸும் டியும் மின்நுகர்வைக் குறைத்தவை, எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது.

2. நேரில் போகும் முன் இரண்டு படங்கள்

மூடியின் படம் ஒன்று, அடிப்புறத்தின் படம் ஒன்று. இரண்டிலும் அன்றைய தேதி எழுதிய துண்டுத்தாள் பக்கத்தில் இருக்கட்டும். இணையத்தில் எடுத்த படத்தை அனுப்புகிறவர்களைத் தேதித் தாள் வடிகட்டிவிடும். படம் அனுப்ப மறுப்பவரிடம் போய் நேரத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை.

3. மூடியைத் துடைத்த பிறகே படியுங்கள்

பழைய தெர்மல் பேஸ்ட் படிந்த மூடியில் 0, 8, 6 எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். விளிம்பைப் பிடித்துக்கொண்டு, துணியில் சிறிது ஸ்பிரிட் நனைத்து, நடுவிலிருந்து வெளியே துடையுங்கள். அடிப்புறத் தொடுபுள்ளிகளில் விரல் படக்கூடாது. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் ரகத்தில் பின்கள் புராசஸரிலேயே இருப்பதால் இன்னும் கவனம் வேண்டும்.

துடைப்பதே ஒரு சோதனையும் ஆகும். இன்டெலும் ஏஎம்டியும் மூடியில் லேசரால் பொறிக்கின்றன. ஸ்பிரிட் பட்டதும் எழுத்து மங்கினாலோ துணியில் கறையாக ஒட்டினாலோ அது மேலே அச்சடித்த எழுத்து. அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இப்போது டார்ச்சை மூடிக்கு நேராகப் பிடிக்காமல், ஏறக்குறைய அதன் பரப்போடு படுக்க வைத்த மாதிரி பக்கவாட்டில் பிடியுங்கள். தேய்க்கப்படாத மூடியில் ஹீட்சிங்க் விட்ட கீறல்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெரியும். உப்புத்தாளால் தேய்த்து எழுத்தை அழித்த மூடியில், ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள் நெருக்கமாக ஓடும். புதிதாகப் பொறித்த எழுத்துகள் அந்தக் கோடுகளின் மேல் கூர்மையாக உட்கார்ந்திருக்கும். பழைய கீறல் எழுத்தைக் குறுக்கே வெட்டிப் போவதுதான் இயல்பு. கீறலை எழுத்து வெட்டினால் எழுத்து பின்னால் வந்தது. விளிம்பில் செம்பு நிறம் எட்டிப் பார்த்தால் மேலிருந்த நிக்கல் பூச்சு போய்விட்டது என்று பொருள். வெப்பத்தைக் குறைக்க மூடியைத் தாங்களே தேய்த்துக்கொள்ளும் ஆர்வலர்கள் உண்டு. ஆனால் அவர்கள் தேய்த்த மூடியில் எழுத்தே இருக்காது.

4. பெயரை விட்டுவிட்டுக் குறியீட்டைப் படியுங்கள்

பெரும்பாலோர் 'ஐ7-4770' என்ற வரியைப் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு அடுத்த வரிதான் நமக்குத் தேவை. அங்கே வேகத்தோடு சேர்ந்து ஐந்து எழுத்துகளில் எஸ்-ஸ்பெக் இருக்கும். எஸ்ஆர்149 என்றால் ஐ7-4770, 3.40 கிகாஹெர்ட்ஸ். எஸ்ஆர்147 என்றால் பெருக்கெண் பூட்டப்படாத 4770கே, 3.50 கிகாஹெர்ட்ஸ். ஓர் இலக்கம்தான் வித்தியாசம், விலை வேறு. பெயர் ஒன்றும் குறியீடு வேறொன்றும் சொன்னால், அந்த மூடியைப் பொய்யர் ஒருவர் தொட்டிருக்கிறார்.

எஸ்-ஸ்பெக் இருக்க வேண்டிய இடத்தில் 'க்யூ' என்று தொடங்கும் நான்கெழுத்துக் குறியீடும், 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்ற வரியும் இருந்தால் அது சோதனை மாதிரி. மதர்போர்டு தயாரிப்பாளர்களுக்கும் பிறருக்கும் இன்டெல் இரவலாகக் கொடுப்பது. சட்டப்படி அது இன்டெலின் சொத்தாகவே இருக்கிறது, உத்தரவாதம் கிடையாது. வேகம் விற்பனை மாடலைவிடக் குறைவாக இருக்கலாம், சில மதர்போர்டுகளின் பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கும் மென்பொருள்) ஏற்காமலும் போகலாம். விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் புதியவர்கள் இதைத் தொட வேண்டாம்.

இன்னொரு வரியில் தொகுதி எண் இருக்கும். அதன் முதல் எழுத்து ஆலை, இரண்டாவது இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்த இரண்டும் வாரம். 'எல்310' என்று தொடங்கினால் மலேசியா, 2013, 10ஆவது வாரம். 'எக்ஸ்' என்றால் வியட்நாம். 4770 வெளியானது 2013இல். அதன் மூடியில் 2011ஐக் காட்டும் தொகுதி எண் இருந்தால் மூடி வேறு ஒரு புராசஸருடையது.

இங்கே ஒரு பொதுவான குழப்பம். மேல்வரியில் காப்புரிமைக் குறியோடு வரும் ஆண்டு தயாரிப்பு ஆண்டு அல்ல. 2ஆம் தலைமுறை ஐ5-2400 ஒன்றில் '10 என்று இருக்கும், ஆனால் அது அதற்குப் பிந்தைய ஆண்டில் செய்ததாக இருக்கலாம். அதைப் பார்த்துச் சண்டைக்குப் போக வேண்டாம்.

5. பலகையையும் அடிப்புறத்தையும் பாருங்கள்

எழுத்தை மாற்றாமல் மூடியையே மாற்றும் வேலையும் உண்டு. 4ஆம் தலைமுறை இன்டெல் மூடிகள் உள்ளே ஈயப்பற்று இல்லாமல், ஓரத்தில் கறுப்பு சிலிக்கோன் பசையால் ஒட்டப்பட்டவை. மெல்லிய பிளேடால் கழற்றிவிடலாம். நல்ல ஐ7இன் மூடியை ஐ3 பலகையில் ஒட்டினால் 3, 4 ஆகிய படிகள் இரண்டும் சரியாகவே வரும். அதனால்தான் மூடியோடு நிறுத்தக்கூடாது.

மூடியின் நான்கு விளிம்புகளையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பசை வெளியே பிதுங்கியிருக்கிறதா, பலகையில் பிளேடு விழுந்த வெட்டு இருக்கிறதா, மூடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மூடி கழற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே தெர்மல் பேஸ்ட்டை மாற்றக் கழற்றியிருக்கலாம், அது குற்றமல்ல. ஆனால் அதன் பிறகு மூடியின் எழுத்துக்குச் சாட்சி மதிப்பு கிடையாது. சிலிக்கன் சொல்வது ஒன்றே கணக்கு.

அடிப்புறத்தின் நடுவில் இருக்கும் சிறு கெப்பாசிட்டர்களின் அமைப்பு தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதே எஸ்-ஸ்பெக் உள்ள புராசஸரின் படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ஓரத்து வெட்டுப்பள்ளங்கள் இருக்கும் இடமும் ஒத்துவர வேண்டும். 2017இல் ஏஎம்டியின் ரைசன் 7 1700 பெட்டியைத் திறந்த சிலருக்கு, ரைசன் எழுத்து போட்ட இன்டெல் புராசஸர் கிடைத்தது. ரைசன் 7 1700க்கு அடியில் பின்கள் உண்டு. அந்த இன்டெலுக்குக் கிடையாது. திருப்பிப் பார்த்தாலே போதும் என்ற அளவுக்கு வெளிப்படையான மோசடிகளும் இருக்கின்றன.

6. மதர்போர்டில் போட்டதும் முதலில் பயாஸைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள்

'லோட் டிஃபால்ட்ஸ்' கொடுத்து, சேமித்து, மீண்டும் துவக்குங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போனால் அடுத்து வரும் எண்கள் எதையும் நம்ப முடியாது.

காரணம் இரண்டு. பெருக்கெண் பூட்டப்படாத புராசஸரை வேகம் கூட்டி வைத்து, அடுத்த உயர்ந்த மாடல்போலக் காட்ட முடியும். ரைசன் 7 1700ஐ 1800எக்ஸின் வேகத்தில் ஓட்டிக் காட்டுவது கடினமில்லை. இதற்கு நேர்மாறாக, ஒரு கோரில் இரண்டு த்ரெட்களை ஓட்டும் ஹைப்பர் த்ரெடிங்கை யாரோ அணைத்து வைத்திருந்தால் உண்மையான ஐ7கூட நான்கு த்ரெட் மட்டும் காட்டும். நேர்மையான விற்பனையாளரை நாம் பொய்யர் ஆக்கிவிடுவோம்.

பயாஸ் திரையில் வரும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு முடித்துவிடாதீர்கள். பயாஸ் என்பதும் ஒரு மென்பொருள்தான், திருத்திய பயாஸை ஏற்ற முடியும். விற்பவரின் மதர்போர்டு, விற்பவரின் ஹார்ட் டிஸ்க், விற்பவரின் விண்டோஸ் என்று எல்லாமே ஒருவருடையதாக இருந்தால் நீங்கள் பார்ப்பது சோதனை அல்ல, காட்சி. உங்கள் போர்டு இங்கே கைகொடுக்கும். இல்லையென்றால் பக்கத்துக் கடை போர்டில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

7. உங்கள் பென் டிரைவிலிருந்து துவக்குங்கள்

விண்டோஸின் 'சிஸ்டம்' பக்கத்தில் வரும் புராசஸர் பெயர், விண்டோஸின் அமைப்புத் தகவல் தொகுப்பான ரெஜிஸ்ட்ரியிலிருந்து எடுக்கப்படுகிறது. ஒவ்வொரு முறை துவங்கும்போதும் அது புதிதாக எழுதப்படும். துவங்கியவுடன் ஓடும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் அதை மாற்றி எழுதிவிடும். இதைச் செய்யப் பெரிய அறிவு தேவையில்லை. அதனால்தான் இயங்குதளம் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

லினக்ஸ் துவங்கியதும் டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்சிபியு' (lscpu) என்ற கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்தில் கொடுங்கள். நீளமான பட்டியல் வரும். நாம் பார்க்க வேண்டியவை ஏழு: மாடல் பெயர், குடும்ப எண், மாடல் எண், ஸ்டெப்பிங் (சிலிக்கனின் திருத்தப் பதிப்பு எண்), கோர்–த்ரெட் கணக்கு, எல்3 கேஷ், அதிகபட்ச வேகம்.

விண்டோஸில்தான் சோதிக்க முடியும் என்ற நிலை வந்தால், நீங்களே கொண்டுபோன சிபியு-இசட் நிரலை ஓட்டுங்கள். அதில் 'நேம்' என்ற கட்டத்தை விட்டுவிட்டு 'ஸ்பெசிஃபிகேஷன்' என்ற வரியைப் படியுங்கள். முதலாவது அந்த நிரல் தன் பட்டியலை வைத்து ஊகிப்பது. இரண்டாவது புராசஸர் தானே தரும் பெயர்வரி.

8. எண்களைப் படிக்கும் வரிசை

முதலில் மாடல் எண்; 4770 என்ற விற்பனை எண் அல்ல, பட்டியலில் வரும் உள் எண். இது தலைமுறையைச் சொல்லும். இங்கே சொல்லும் இன்டெல் டெஸ்க்டாப் ரகங்களில் குடும்பம் 6 என்றே இருக்கும். மாடல் 42 என்றால் 2ஆம் தலைமுறை, 58 என்றால் 3, 60 என்றால் 4, 94 என்றால் 6. 7, 8, 9 ஆகிய மூன்று தலைமுறைகளுக்கும் 158தான். அங்கே ஸ்டெப்பிங் 9 என்றால் 7ஆம் தலைமுறை, 10 முதல் மேலே என்றால் 8 அல்லது 9. நம் 4770க்கு மாடல் 60, ஸ்டெப்பிங் 3 வர வேண்டும்.

இந்த எண் சரியாக வந்ததும் திருப்தியடைந்துவிடக் கூடாது. ஐ3-4130, ஐ5-4570, ஐ7-4770 மூன்றுமே 60, 3 என்றுதான் காட்டும். தலைமுறைக்குள் எந்தப் படிநிலை என்பதை கோர், த்ரெட், கேஷ் மூன்றும் சேர்ந்தே சொல்லும்:

ஐ3-4130: 2 கோர், 4 த்ரெட், 3 எம்பி.
ஐ5-4570: 4 கோர், 4 த்ரெட், 6 எம்பி.
ஐ7-4770: 4 கோர், 8 த்ரெட், 8 எம்பி.

முதல் இரண்டு வரிகளைக் கூர்ந்து பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் நான்கு கட்டங்கள் தெரிகின்றன என்பதற்காக ஐ3ஐ ஐ5 என்று வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. அந்த நான்கு கட்டங்கள் நான்கு த்ரெட்கள்; கோர் இரண்டே. ஒரு கோருக்கு எத்தனை த்ரெட், ஒரு சாக்கெட்டுக்கு எத்தனை கோர் என்ற இரண்டு வரிகளையும் தனித்தனியே படித்தால் இந்தத் தவறு நேராது. கேஷ் அளவு இன்னும் உறுதியான சாட்சி: பயாஸில் கோரைக் குறைத்து வைத்தாலும், இல்லாத கேஷை யாராலும் கூட்டிக் காட்ட முடியாது.

பிறகு பெயர்வரி, அதாவது பட்டியலின் 'மாடல் பெயர்'. 'கோர் ஐ7-4770', '3.40 கிகாஹெர்ட்ஸ்' என்று இரண்டும் இருக்க வேண்டும். 'ஜெனுயின் இன்டெல் சிபியு 0000' என்று வந்தால், மூடியில் என்ன எழுதியிருந்தாலும் அது சோதனை மாதிரி. 'ஜியான்' என்று வந்தால் சர்வர் ரகம். ஜியான் ஈ3-1230 வி3 இதே சாக்கெட்டில் உட்காரும், 4 கோர், 8 த்ரெட், 8 எம்பி கேஷ் எல்லாம் ஒத்துப்போகும். ஆனால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. நல்ல புராசஸர்தான், ஜியான் என்று சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம்.

கடைசியில் வேகம். அதிகபட்சம் 3900 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். 4790க்கு 4000. சிலிக்கன் ஒரே குடும்பம் என்பதால் இந்த இரண்டையும் பிரிப்பது பெயர்வரியும் இந்த எண்ணும்தான்.

9. ஏஎம்டி ரைசனுக்கு மட்டும்

ஏஎம்டியில் பெயர்வரியைத் தாங்கும் பதிவகங்கள் (புராசஸருக்குள் உள்ள சிறு நினைவிடங்கள்) எழுதத்தக்கவை; பயாஸ்தான் அவற்றை நிரப்புகிறது. ஆகவே இங்கே பெயரைவிடக் குடும்ப எண்ணும் மாடல் எண்ணும் முக்கியம். முதல் தலைமுறை டெஸ்க்டாப் ரைசன்: குடும்பம் 23, மாடல் 1. 2600, 2700 போன்றவை: 23, மாடல் 8. 3600, 3700எக்ஸ் போன்றவை: 23, மாடல் 113. 5600எக்ஸ், 5800எக்ஸ் போன்றவை: குடும்பம் 25, மாடல் 33.

ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருப்பதும் உண்டு. ரைசன் 5 1600 முதலில் 14 நானோமீட்டரில் வந்தது. பின்னாளில் அதே பெயரில் 12 நானோமீட்டர் சிலிக்கனோடு வந்தது. மூடியில் உள்ள பாக எண்ணின் கடைசி இரண்டு எழுத்துகள்தான் அடையாளம்: 'ஏஇ' பழையது, 'ஏஎஃப்' புதியது. சிலிக்கனைக் கேட்டால் முதலாவது மாடல் 1 என்றும் இரண்டாவது மாடல் 8 என்றும் சொல்லும். 'ஏஎஃப்' என்று கூடுதல் விலை கேட்டால் 8 வருகிறதா என்று பாருங்கள்.

10. மோசடி என்று நினைக்க வைக்கும், மோசடி அல்லாதவை

சும்மா இருக்கும் 4770 வேகம் 800 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டினால் பதற வேண்டாம், வேலை இல்லாதபோது அது அப்படித்தான் இறங்கும். ஏதாவது கனமான நிரலை ஓட விட்டுப் பாருங்கள். நான்கு கோர்களும் உழைக்கும்போது 3.9ஐ எட்டாமல் சற்றுக் கீழே நிற்பதும் இயல்பு.

திரையில் ஒன்றுமே வரவில்லையா? எஃப் ரகமோ ஜியானோ என்றால் கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும். ஐ5-4460, ஐ7-4790 போன்ற பின்னாள் மாடல்கள் பயாஸ் புதுப்பிக்காத பழைய எச்81 வகை மதர்போர்டில் துவங்காமல் போகும். எல்ஜிஏ 1151 சாக்கெட்டில் 8ஆம் தலைமுறை அழகாக உட்காரும், ஆனால் 100, 200 வரிசை போர்டுகளில் ஓடாது. போர்டு தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலை முன்கூட்டியே பார்த்தால் கடைசி இரண்டு சங்கடமும் வராது.

பெயர் சரி என்றாலும் பாகம் பழுதாக இருக்கலாம். எல்லா ராம் ஸ்லாட்டுகளிலும் ராம் போட்டு முழு அளவும் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். தொடுபுள்ளியோ பின்னோ சேதமானால் ஒரு மெமரி சேனல் முழுதாகப் போய்விடும்.

11. பில்லில் என்ன எழுத வேண்டும்

'ஐ7 புராசஸர் – 1' என்று எழுதிய பில் எதற்கும் உதவாது. மாடல் எண் முழுதாக, எஸ்-ஸ்பெக் அல்லது பாக எண், தொகுதி எண் மூன்றையும் எழுதி வாங்குங்கள். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்பதும் அதிலேயே இருக்கட்டும். மூடி, அடிப்புறம், எல்எஸ்சிபியு திரை மூன்றையும் கடையிலேயே படமெடுத்துக்கொள்ளுங்கள். 'நான் கொடுத்தது இது இல்லை' என்ற பேச்சுக்கு அப்போது இடம் இருக்காது. தொகுதி எண் உங்களுக்கு மட்டுமல்ல, நேர்மையாக விற்றவருக்கும் பாதுகாப்பு. இதை அப்படியே அவரிடம் சொன்னால் பெரும்பாலும் மறுக்காமல் எழுதித் தருவார்.